அறுபத்தைந்தாவது வார்த்தை

அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பலகை உண்டு. தொழிற்சாலைகளில் 'விபத்து நடக்காத நாட்கள்' என்று எழுதி எண் மாட்டியிருப்பார்களே, அதே அளவு, அதே நீலம். இதில் மட்டும் 'இப்பள்ளியில் வெறுப்பு நடக்காத நாட்கள்' என்று எழுதியிருந்தது. கீழே மூன்று ஆணி, மூன்று ஆணியிலும் தகர எண்கள். தினம் காலையில் கிளார்க் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, நேற்றைய எண்ணைக் கழற்றி இன்றைய எண்ணை மாட்டுவார். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் உண்டு. கோடை விடுமுறை முழுக்க உண்டு. பிள்ளைகளே வராத நாளில் வெறுப்பு நடக்கவில்லை என்பதை யார் மறுக்க முடியும்?

லாரிக்காரர் அந்தப் பலகையை முதன்முதலாக நின்று படித்த அன்று எண் 431.

லாரி என்றால் மணல் லாரி, சரக்கு லாரி இல்லை. செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி. ஊரில் அவர் வேண்டாத வீடு கிடையாது, அவர் வந்த பிறகு ஜன்னலைச் சாத்தாத வீடும் கிடையாது. வேலை முடிந்ததும் ஷெட்டிலேயே இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, சட்டை மாற்றி, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போவார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளின் அப்பாக்களில் அவரை விடச் சுத்தமான ஆள் இருக்க வாய்ப்பில்லை. அதை யாரும் அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரே பெண். ஆறாம் வகுப்பு. வீட்டில் மைனா என்று கூப்பிடுவார்கள், வாய் ஓயாது என்பதால். ஞாயிற்றுக்கிழமை லாரியைக் கழுவும்போது டிரைவர் பக்கக் கதவிலேயே தொற்றி ஏறி, "தள்ளி உக்காருப்பா" என்று அவரை இடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பாள். அவர் டயரைக் கழுவி முடித்த பிறகும் அந்தக் கதை முடியாது.

அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. கேட்டால் 'ஒண்ணுமில்ல'. ஒரு நாள் சாயங்காலம் குழாயடியில் அரை மணி நேரமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போய்ப் பார்த்தால் விரல் கணுவெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. "என்னடி இது?" என்று கையைப் பிடித்து இழுத்ததற்கு, அவள் கையை அம்மா மூக்கருகில் நீட்டி, "போயிடுச்சான்னு பாரும்மா" என்றாள்.

பிறகுதான் விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. பள்ளிக்கூடத்து டேங்க்கை உறிஞ்ச அப்பா வந்திருந்ததை வகுப்பு ஜன்னல் வழியாக யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாள் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும், "தள்ளி உக்காரு" என்றிருக்கிறார்கள். தள்ளித் தள்ளி பெஞ்சின் ஓரத்துக்கு வந்து, அதற்கு மேல் தள்ள இடமில்லாமல் கீழே விழுந்திருக்கிறாள். அதற்கப்புறம் அவள் எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருத்தர் "சோப்பு" என்பார்களாம். உடனே சுற்றியிருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு, கையைக் கழுவுகிற மாதிரி தேய்த்துக்கொள்வார்களாம். ரெட்டைஜடை என்று ஒரு சிநேகிதி மட்டும் தேய்க்க மாட்டாளாம். ஆனால் அவள் வேறு வரிசை.

"ஏங்க, நாளைக்கே போய்க் கேளுங்க" என்றாள் மனைவி. லாரிக்காரர் அன்று மூன்றாவது தடவையும் குளித்தார். பிறகு, ஏன் குளித்தோம் என்று நினைத்து அவருக்கே அவமானமாக இருந்தது.

ஆபீஸ் அறையில் கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்ன வார்த்தை?" என்றார்.

"வார்த்தைன்னு இல்ல சார். காலைத் தூக்கிக்குதுங்க. கையைத் தேய்க்குதுங்க. பக்கத்துல யாருமே உக்கார மாட்டேங்குதுங்க."

"காலு கையெல்லாம் அப்புறம். வார்த்தையைச் சொல்லுங்க. பட்டியல்ல இருந்தாத்தான் அது வெறுப்பு. இல்லைன்னா விளையாட்டு."

பட்டியல் இரும்பு அலமாரியில் இருந்தது. அலமாரிக்கு இரண்டு பூட்டு. அறுபத்து நான்கு வார்த்தைகள், அத்தனையும் மனிதன் மனிதனைச் சொல்லக் கூடாதவை என்பதால், அதை யாரும் படிக்கக் கூடாது என்று விதி. ஆசிரியர்கள் மட்டும் ஒரு தடவை படித்து, 'படித்தோம், மறந்துவிட்டோம்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கிளார்க் ஸ்கேலை வைத்து மறைத்தபடி ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"சோப்பு... சோப்பு... இல்லையே. வேற ஏதாவது சொன்னாங்களா? நல்லா யோசிச்சுப் பாருங்க. கொஞ்சம் கெட்ட வார்த்தையா?"

"தள்ளி உக்காருன்னு சொன்னாங்க."

"அது நாங்களே சொல்றதுதானே."

இதற்குள் அன்பு ஒருங்கிணைப்பாளர் வந்துவிட்டார். அவர் உண்மையில் பி.டி. மாஸ்டர். மைதானத்தில் கட்டடம் கட்டிய பிறகு அவருக்கு ஓடவிட இடமில்லாததால், அன்பை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். விசில் மட்டும் கழுத்திலேயே இருந்தது.

"சோப்பு நல்ல வார்த்தைங்க" என்றார் அவர். "சுத்தத்தைக் குறிக்குது. நம்ம பொண்ணை அப்படிக் கூப்பிடறாங்கன்னா, ஒரு வகையில அது பாராட்டு."

"அப்ப உங்களையும் அப்படிக் கூப்பிடலாமா சார்?" லாரிக்காரர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஒருங்கிணைப்பாளர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார். "நான் ஊழியன். ஊழியர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கு."

"சார், எனக்கு யாரையும் தண்டிக்க வேணாம். அவ பக்கத்துல ஒரு புள்ளையை உக்கார வைங்க. அது போதும் எனக்கு."

"உக்கார வைக்கிறதா? அது கட்டாயப்படுத்துறது ஆச்சே. அன்பு தானா வரணும். வேணும்னா புகாரா எழுதிக் குடுங்க, குழுவுல வைக்கிறோம்."

ஆறு பக்கப் படிவம் கொடுத்தார்கள். மனம் புண்பட்ட அளவு சிறியதா, நடுத்தரமா, பெரியதா என்று ஒரு கேள்வி. தராசில் வைத்துப் பார்த்தது போல 'பெரியது' என்று எழுத அவருக்குக் கூச்சமாக இருந்தது. 'நடுத்தரம்' என்று எழுதிக் கொடுத்தார். பச்சைப் பிள்ளையின் தோல் உரிந்ததற்கு நடுத்தரம்.

வெறுப்பு ஒழிப்புக் குழு கூடிய அன்று எண் 437. நீள மேஜை, ஏழு நாற்காலி, ஏழிலும் ஆள். லாரிக்காரருக்குக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "அங்க உக்காருங்க, காத்து வரும்" என்றார் தலைமையாசிரியை. பிறகு கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

தலைமையாசிரியை பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு தெளிவு. "நான் ஒண்ணு சொல்றேன். இந்தப் பள்ளியில நான் யாரையும் வேறுபாடா பாத்ததே இல்ல. உங்களை மாதிரி ஆளுங்க பிள்ளைங்க இங்க படிக்கிறதே அதுக்கு அத்தாட்சி. உங்க பொண்ணைச் சேர்த்தப்ப நாலு பேரன்ட்ஸ் ஃபோன் பண்ணி, என்ன மேடம் இப்படின்னு கேட்டாங்க. நான் அவங்க மேல கோவமே படல. அவங்க உணர்வையும் மதிக்கணும் இல்லையா? ஆனாலும் சேர்த்தேன். பேப்பர்ல ஃபோட்டோ கூட வந்துது. உங்க பொண்ணு தோள்ல நான் கை போட்டிருக்கிற மாதிரி. பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தார். கை தோளுக்கு ஒரு விரல் மேலே நின்றதையும் பார்த்திருந்தார். ஃபோட்டோ எடுக்கும் அவசரத்தில் அப்படி விழுந்திருக்கும் என்று மனைவியிடம் அன்று சமாதானம் சொன்னதும் அவர்தான்.

இரண்டு மணி நேரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சோப்பு என்ற சொல் தடை செய்யப்பட்ட சொற்களின் பட்டியலில் வரிசை எண் அறுபத்தைந்தாகச் சேர்க்கப்படும். ஆனால் சேர்ப்பதற்கு முன்பே பிள்ளைகள் அதைச் சொல்லிவிட்டதால், சொன்ன நேரத்தில் அது வெறுப்பு இல்லை. ஆகவே பலகையில் கை வைக்கத் தேவையில்லை. இதைப் படித்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஐந்நூறாவது நாளன்று ஆய்வாளர் வந்து 'வெறுப்பில்லாப் பள்ளி' என்று பித்தளைப் பட்டயம் தருவதாக இருந்தது. அதற்கு இன்னும் அறுபத்து மூன்று நாள்தான் பாக்கி.

"அப்ப பக்கத்துல உக்கார்றது?" என்றார் லாரிக்காரர்.

"வார்த்தையை நிறுத்திட்டா எல்லாம் தானா சரியாயிடும்" என்றார் தலைமையாசிரியை.

மறுநாள் காலை மைனாவை வாசலில் விட்டுவிட்டு அவர் கிளம்பும்போது அசெம்பிளியில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஒருங்கிணைப்பாளரின் குரல். "மாணவச் செல்வங்களே, இன்று முதல் 'சோப்பு' என்ற சொல்லை இந்த வளாகத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது. அது வரிசை எண் அறுபத்தைந்தாகச் சேர்க்கப்பட்டுள்ளது. யாருக்காக இந்த முடிவு என்பதை நாங்கள் வெளியிட மாட்டோம். ரகசியம் காக்கப்படும். ஆறாம் வகுப்பு பி பிரிவு, மூன்றாம் பெஞ்சு மாணவி கவலைப்பட வேண்டாம்."

அதுவரை அந்த விஷயம் தெரிந்தது முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு. இப்போது ஆயிரத்து இருநூறு தலையும் ஒரே பக்கம் திரும்பின. கேட் கம்பிக்கு வெளியே நின்ற லாரிக்காரரும் அந்தப் பக்கம்தான் பார்த்தார்.

பள்ளிக்கூடம் சொன்னால் சொன்னதுதான். கை கழுவும் இடத்திலிருந்த சோப்புகளை அன்றே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். கண்ணால் பார்த்தால் வாயில் வரும் என்பது ஒருங்கிணைப்பாளரின் கருத்து. சுவரில் 'சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவவும்' என்று இருந்த அறிவிப்பில் முதல் வார்த்தையின் மேல் கறுப்பு மை பூசப்பட்டது. அறிவியல் டீச்சர் அந்தப் பாடத்தை 'எண்ணெயும் காரமும் சேர்ந்தால் கிடைக்கும் பொருள்' என்று நடத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மூன்றாவது வாரம் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கியது. பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று வீடுகளுக்குச் சுற்றறிக்கை போயிற்று. பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? 'அவங்கப்பா வந்து கேட்டதாலதான் சோப்பு போச்சு' என்று பேசிக்கொண்டார்கள். பேச்சில் மட்டும் 'சோப்பு' என்று சொல்லவில்லை. அந்த விஷயத்தில் கட்டுப்பாடான பிள்ளைகள்.

அந்த வார்த்தை வேண்டியிருக்கவும் இல்லை. ஒரு நாள் மைனா சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அம்மா எத்தனையோ கேட்டும் பேசவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் அப்படித்தான் கூப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. இப்பல்லாம் அறுபத்தஞ்சுன்னு கூப்பிடறாங்க."

மறுபடி குழு. மறுபடி கதவோர நாற்காலி, மறுபடி ஃபேன். எண் 474.

"அறுபத்தஞ்சையும் சேர்த்துடலாம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "மேடம், அதைச் சேர்த்தா வரிசை எண் அறுபத்தாறுல வரும். அப்புறம் அறுபத்தாறுன்னு கூப்பிடுவாங்க. அதைச் சேர்த்தா அறுபத்தேழு. இது முடிவிலி வரைக்கும் போகும்."

தலைமையாசிரியை யோசித்தார். "முடிவிலி வரைக்கும் நம்மகிட்ட பேப்பர் இருக்கா?"

"ரெண்டு கட்டு இருக்கு மேடம்" என்றார் கிளார்க்.

"வேணாம். நாம கிளையை வெட்டிட்டு இருக்கோம். வேரைப் பாக்கணும். இதுவரைக்கும் வந்த எல்லாப் புகாருலயும் பொதுவா இருக்கிறது என்ன?"

ஏழு பேரும் கோப்பைப் பார்த்தார்கள். இரண்டு புகார். இரண்டிலும் ஒரே பெயர்.

"இந்தப் பொண்ணுதான் மேடம்" என்றார் கிளார்க்.

"அப்ப பாதுகாக்க வேண்டியது இந்தப் பொண்ணை" என்றார் தலைமையாசிரியை. குரல் அப்படியே இளகிவிட்டது. "யாரும் நெருங்க முடியாத மாதிரி பாதுகாக்கணும்."

லாரிக்காரரிடம் ஒரு சம்மதக் கடிதத்தை நீட்டினார்கள். 'சிறப்புப் பாதுகாப்பு' என்று தலைப்பு. "இதுல கையெழுத்துப் போட்டா உங்க பொண்ணு பக்கம் ஒரு பயலோ பொண்ணோ வாலாட்ட முடியாது" என்றார் ஒருங்கிணைப்பாளர். இத்தனை படித்தவர்கள் சேர்ந்து தன் பெண்ணுக்காக மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மைனா மறந்துபோன கணக்கு நோட்டைக் கொடுக்க வகுப்புக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முப்பத்தேழு பிள்ளைகள் ஒரு பக்கம். ஜன்னலோரம் தனியாக ஒரு சின்ன பெஞ்சு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, 'அன்பு இருக்கை' என்று எழுதியது. சுற்றி நாலடிக்குச் சாக்பீஸ் வட்டம். வட்டத்துக்கு நடுவில் மைனா. பெஞ்சின் மேல் அவளுக்கென்று ஒரு தனி டம்ளர், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன்.

"எப்படி?" என்றார் பின்னாலேயே வந்த ஒருங்கிணைப்பாளர். முகமெல்லாம் பூரிப்பு. "வட்டத்துக்குள்ள யாரும் கால் வைக்கக் கூடாது. டம்ளர் எதுக்குன்னா, பொது டம்ளரை இவ தொட்டா மத்த பிள்ளைங்க முகம் சுளிக்க வாய்ப்பிருக்கு. சுளிச்சா இவ மனசு புண்படும். அதான் அந்த வாய்ப்பையே எடுத்துட்டோம்."

"சார், இதைத்தானே அந்தப் புள்ளைங்க பண்ணிச்சுங்க."

"அவங்க வெறுப்புல பண்ணாங்க. நாங்க அன்புல பண்றோம். வித்தியாசம் புரியணும் உங்களுக்கு."

மைனா அப்பாவைப் பார்த்தாள். நோட்டை வாங்க எழுந்து வரலாமா, வட்டத்தைத் தாண்டலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து ரெட்டைஜடை எழுந்து வந்து, அவர் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டு போய், வட்டத்துக்குள் நுழைந்து, மைனா பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தாகமாக இருந்தது போலிருக்கிறது, அந்த ரிப்பன் டம்ளரை எடுத்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். மைனாவின் முகத்தில் நாலு மாதத்துக்கு அப்புறம் ஏதோ ஒன்று அசைந்தது.

விசில் ஊதியது. 'பாதுகாப்பு எல்லை மீறல்' என்று எழுதி, ரெட்டைஜடையின் அப்பா அம்மாவை மறுநாள் வரச் சொன்னார்கள். அந்த ஆண்டு முழுவதிலும் வெறுப்பு ஒழிப்புக் குழு தண்டித்த ஒரே பிள்ளை அவள்தான். மூன்று நாள் சஸ்பெண்ட்.

ஐந்நூறாவது நாள் விடிந்தது. வாசலில் பலூன், வாடகை நாற்காலி, ஒலிபெருக்கி, பித்தளைப் பட்டயம். ஊரிலிருந்து பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கழிப்பறைக்கும் போனார்கள். ஒன்பது மணிக்கு டேங்க் பொங்கிவிட்டது. கிளார்க் பதறிப்போய் ஃபோன் பண்ணினார். ஊரில் உறிஞ்சுகிற லாரி ஒன்றுதான்.

"பின் கேட்டு வழியா வாங்க" என்றார் கிளார்க். வந்ததும் லாரியின் மேல் ஒரு பழைய பேனர் துணியைப் போர்த்தச் சொன்னார். துணியில் 'அனைவரும் சமம்' என்று போன வருஷத்து எழுத்து. "அப்புறம், மோட்டாரை இஷ்டத்துக்குப் போடாதீங்க. மேடையில பேசும்போது சத்தம் கேட்டா நல்லாருக்காது."

"மோட்டார் போடாம எப்படி சார் எடுக்கறது?"

"கைதட்டும்போது போடுங்க. கைதட்டு நின்னா நிறுத்திடுங்க. எல்லாரும் நல்லாப் பேசறவங்கதான், நிறைய தட்டுவாங்க."

அப்படித்தான் நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் லாரிக்காரர் குழாயை இறக்கிவிட்டு சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தார். அந்தப் பக்கம் தலைமையாசிரியை, "இங்கே உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்பதே கிடையாது" என்றார். கைதட்டல். மோட்டார் ஓடியது. "துப்புரவுப் பணியாளர்களும் நம் உடன்பிறப்புகளே" என்றார் பெற்றோர் சங்கத் தலைவர். கைதட்டல். மோட்டார் ஓடியது. வாக்கியத்துக்கு வாக்கியம் டேங்க் இறங்கிக்கொண்டிருந்தது. வேலை இவ்வளவு ஒழுங்காக என்றைக்குமே நடந்ததில்லை.

பிறகு ஆய்வாளர் மைக்கைப் பிடித்தார். எத்தனையோ பள்ளிகள் பார்த்துவிட்டதாகவும், பாதிக்கப்படக்கூடிய மாணவருக்குத் தனி இருக்கை, தனி டம்ளர் என்று யோசித்த பள்ளி இது ஒன்றே என்றும் சொன்னார். "அந்தக் குழந்தையை மேடைக்குக் கூப்பிடுங்க, நானே கேக்கறேன்."

மஞ்சள் பெஞ்சோடுதான் தூக்கி வைத்திருக்க வேண்டும். மரம் இழுபடும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

"பயப்படாம சொல்லும்மா. போன மாசம் முழுக்க இந்தப் பள்ளியில யாராவது உன்னைத் தப்பா ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார்." மைனாவின் குரல். அப்பாவுக்கு அந்தக் குரலைக் கேட்டே பல நாள் ஆகியிருந்தது. "யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. எங்கிட்ட யாருமே பேசறதில்ல சார்."

"கேட்டீங்களா?" என்றார் ஆய்வாளர். "ஒரு வார்த்தை கூட இல்ல. இதைத்தான் நாங்க முழு மதிப்பெண்னு சொல்றோம்."

அன்றைய விழாவிலேயே பெரிய கைதட்டல் அதுதான். எழுந்து நின்று தட்டினார்கள். லாரிக்காரர் மோட்டாரைப் போடவில்லை. கை வரவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று அழுதார். இருபது வருஷமாக ஊருடைய எல்லா நாற்றத்தையும் முகம் சுளிக்காமல் உள்ளே இழுத்த மனிதருக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போட்டார். போட்டதை நிறுத்தவில்லை. தேசத்தைப் பற்றி ஆய்வாளர் பேசியது, நன்றியுரை, பட்டயம் வழங்கியது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. விசில் ஊதினார்கள். அதுவும் கேட்கவில்லை.

டேங்க் காலியானபோது லாரிக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மைனா, தோளில் பை, கையில் ரிப்பன் டம்ளர். "வீட்டுல கழுவிக் கொண்டுவரச் சொன்னாங்க. இங்க சோப்பு இல்லையாம்" என்றாள். அவர் டம்ளரை வாங்கி மதில் மேல் வைத்தார். லாரியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவள் அந்தப் பக்கம் சுற்றிப் போகாமல், பழையபடி டிரைவர் பக்கக் கதவிலேயே தொற்றி ஏறினாள்.

"தள்ளி உக்காருப்பா."

தள்ளி உட்கார்ந்தார். இடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பின் கேட்டில் வாட்ச்மேன் பெரிய நோட்டோடு வந்தார். எந்த வண்டி போனாலும் வெளியே போவது என்ன என்று எழுத வேண்டும், அது அவர் வேலை. "பள்ளி நேரத்துல பொண்ணு வெளிய போறதையும் எழுதணுமே" என்று தலையைச் சொறிந்தார். "தனி வரி எடுக்கட்டுமா, இல்ல ஒரே வரியில எழுதிக்கட்டுமா? பக்கம் தீரப்போவுது."

"உங்க இஷ்டம்" என்றார் லாரிக்காரர்.

வாட்ச்மேன் நல்ல கையெழுத்தில் எழுதினார்: 'கழிவு – ஒரு லாரி. மாணவி – ஒன்று.'

மைனாவை நாலு தெரு தள்ளி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். லாரிக்காரர் முதலில் வாசலைத்தான் போய்ப் பார்த்தார். பலகை எதுவும் இல்லை. அங்கேயும் முதல் வாரம் ஒருத்தி மூக்கைப் பிடித்துக் காட்டினாளாம். டீச்சர் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாராம். படிவம் எதுவும் இல்லையா என்று லாரிக்காரர் கேட்டதற்கு, என்ன படிவம் என்று அந்த டீச்சர் திருப்பிக் கேட்டார்.

பழைய பள்ளிக்கூடத்து டேங்க் மறுபடி நிறைந்து அவருக்கு அழைப்பு வந்தபோது எண் 588. பித்தளைப் பட்டயம் பளபளவென்று இருந்தது. குழாயை இறக்கிவிட்டு நிமிர்ந்தவர், ஆறாம் வகுப்பு ஜன்னலில் மஞ்சள் பெயிண்டைப் பார்த்தார். ஆய்வாளர் பாராட்டிய பெஞ்சைக் காலியாகப் போட்டு வைக்க முடியுமா? டம்ளரும் இருந்தது. ரிப்பன் புதுசு. பெஞ்சில் ரெட்டைஜடை உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளையில் அவள் மெதுவாக லாரி பக்கம் வந்தாள். "அங்கிள், மைனா எப்படியிருக்கா?"

"நல்லாருக்காம்மா. வாய் ஓயறதில்ல."

"பக்கத்துல யாரு உக்கார்றா?"

அவருக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருந்தது. "ரெண்டு பேரு. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். விசில் ஊதியது. வட்டத்துக்குத் திரும்பிப் போனாள்.

பின் கேட்டில் வாட்ச்மேன் நோட்டை விரித்து, 'கழிவு – ஒரு லாரி' என்று எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு இது மட்டும்தானா?"

லாரிக்காரர் வண்டியின் பக்கக் கண்ணாடியில் அந்த ஆறாம் வகுப்பு ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னைக்கு இது மட்டும்தான்" என்றார்.